கல் வலிக்கு மார்ஃபின்தான் பெருசா?

நம்ம சங்கரன்கோவில் வெயில்ல, தண்ணி குடிக்க மறந்து தறி ஓட்டுறவங்களுக்குக் கிட்னியில கல் வர்ற வாய்ப்பு கூடும். ராத்திரி விலாவைப் பிடிச்சுக்கிட்டு எமர்ஜென்சிக்குப் போனா, டைக்ளோஃபெனாக் ஊசி போடுவாங்க. மார்ஃபின் இல்லாததால இதுன்னு நினைச்சா தப்பு.

கத்தார்ல, தோஹா ஹமத் ஜெனரல் ஆஸ்பத்திரியில 1,645 பேர்கிட்ட நடத்தின சோதனை 2016-ல 'லான்செட்' இதழ்ல வந்தது. அரை மணி நேரத்துல வலி பாதியாவது குறைஞ்சவங்க: டைக்ளோஃபெனாக்ல 68 சதவீதம், மார்ஃபின்ல 61.

கல் அடைச்சதும் புரோஸ்டாகிளாண்டின் சுரந்து சிறுநீரகத்துக்குள்ள அழுத்தம் ஏறுது. டைக்ளோஃபெனாக் அந்தச் சுரப்பையே குறைக்குது. மார்ஃபின் அலாரத்தை மட்டும் மியூட் பண்ணும். வாந்தி, தூக்கக் கலக்கம் வேற.

கிட்னி பழுது, அல்சர், கர்ப்பம்னா ஊசிக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அதே சோதனையில, நரம்புல ஏத்தின பாராசிட்டமால்கூட 66.