சரக்குக்கு இன்சூரன்ஸ் உண்டு, நமக்கு?

பழவேற்காட்டுக்குத் தெற்கே, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இறங்கும் பருப்பு கன்டெய்னரை மரைன் இன்சூரன்ஸ் இல்லாமல் நாம் வரவழைப்பதில்லை. நாமே கப்பல் ஏறும்போது அந்தக் கவனம் எங்கே போகிறதோ!

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் சொகுசுக் கப்பல் புறப்பட்டது. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. "மெடிக்ளைம்தான் இருக்கிறதே" என்பார்கள் நம்மவர்கள். சாதாரண மெடிக்ளைம் பெரும்பாலும் இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே. கப்பலில் டாக்டர் உண்டு. அவர் ஃபீஸ் டிக்கெட்டில் சேராது. பில்லை நாமே கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அதுகூடப் பெரிதல்ல. நடுக்கடலில் நெஞ்சுவலி வந்தால் ஹெலிகாப்டரிலோ படகிலோ கரை சேர்க்கிற செலவுதான் ஆளை முழுங்கும். கப்பல் பயணத்துக்குப் பாலிசி செல்லுமா, இந்தச் செலவை எவ்வளவு வரை தருவார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்து சர்க்கரை, பிரஷர். நம் வயதில் இல்லாதவர் யார்? பிரீமியம் ஏறுமென்று மறைத்தால் கிளைம் நிற்காது. சரக்கைப் பற்றித் தெரிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்கிறது 1963ஆம் வருட மரைன் இன்சூரன்ஸ் சட்டம். இங்கும் அதே கணக்குதான். பழைய நோய்க்கு, உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் பணம் தரும் பாலிசிகளும் உண்டு. ஏஜென்டின் வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் அவசர போன் நம்பரை வீட்டம்மாவிடமும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள்.