நெடுநாள் நின்ற மோட்டார் சைக்கிளில் எண்ணெய்க் கசிவு

ஓரிரண்டு ஆண்டுகள் கொட்டகையில் நின்ற பழைய மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்து ஓட்டியவுடன் அதன் அடியில் எண்ணெய் சொட்டுவதைப் பலரும் கண்டிருப்பர். எஞ்சின் கெட்டுவிட்டதெனக் கருதி அதனை உடனே பிரித்துப் போடுவோர் உளர். பெரும்பாலும் அது வேண்டாத வேலை. எண்ணெய் தன் இடத்தை விட்டு வேறிடம் சென்றிருப்பதே கசிவின் காரணமாக இருத்தல் கூடும்.

நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் பழைய வண்டியாகிய 350 சி.சி. புல்லட்டை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் உருவாகி, 1955-இல் தொடங்கிய கூட்டு முயற்சியால் சென்னையில் தயாரிக்கப்பட்ட வண்டி இது. இதன் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில், கிராங்க் அறைக்குப் பின்புறம் அதே வார்ப்பினுள் அமைந்த தொட்டியில் இரண்டு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட எண்ணெய் நிற்கின்றது. ஒரு பம்பு அதனை உறுப்புகளுக்கு அனுப்புகின்றது. மற்றொன்று கிராங்க் அறையில் வடிவதை மீட்டுத் தொட்டியிற் சேர்க்கின்றது. வண்டி நின்றபின் மீட்கும் பம்பும் நின்றுவிடுகின்றது. ஆனால் பம்புத் தட்டின் நுண்ணிய இடைவெளி வழியே எண்ணெய் துளித்துளியாகக் கிராங்க் அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். இத்தகைய மெல்லிய இடைவெளியிற் பாயும் அளவு அதன் அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. தேய்மானத்தால் இடைவெளி இருமடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். பாய்ம விதியை விளக்க முற்படும் ஆசிரியர்களுக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

இனித்தான் தவறு நேர்கின்றது. அளவுக் குச்சியைப் பார்ப்பவர் தொட்டி குறைந்திருப்பதைக் கண்டு மேலும் எண்ணெய் ஊற்றுகின்றார். உண்மையில் எண்ணெய் குறையவில்லை, இடம் மாறியுள்ளது. எஞ்சினை முடுக்கியதும், 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 90 மில்லிமீட்டர் கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் 346 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளுகின்றது. கிராங்க் அறையில் எண்ணெய் நிறைந்திருப்பின் மூச்சுக் குழாய் காற்றோடு எண்ணெயையும் கக்கும். அழுத்தம் மிகுந்து, நல்ல நிலையிலுள்ள பாக்கிங்குகள் வழியாகவும் எண்ணெய் வெளிப்படும். அது பின் டயரிற் படிந்தால் வளைவிலோ, பிரேக் போடும்போதோ வண்டி வழுக்கி உயிருக்கே ஆபத்து விளையும். களப்பணியாளர் இதனை அற்பமாக எண்ணுதல் ஆகாது.

ஆகவே முதலிற் செய்யத்தக்கது, கிராங்க் அறையின் வடிகால் திருகைக் கழற்றி அங்குள்ள எண்ணெயை வடித்து அளந்து பார்ப்பதாகும். தொட்டியிலுள்ள பழைய எண்ணெயையும் நீக்கிவிடுதல் நன்று. அதில் நீரும் அமிலமும் கலந்திருக்கும். புது எண்ணெயைக் குறியளவு ஊற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பலமுறை மிதித்தால் பம்பு எண்ணெயை உறுப்புகளுக்குக் கொண்டு செல்லும்.

இதன் பின்னும் கசிந்தால் பாக்கிங்கையும் சீலையும் ஐயுறலாம். நெடுநாளில் தக்கை உலர்ந்து சுருங்குகின்றது. ரப்பர் இறுகி விறைக்கின்றது. காற்று வேகத்தில் எண்ணெய் பின்னோக்கிப் பரவுவதால், ஈரம் காணும் இடமெல்லாம் கசியும் இடமன்று. எஞ்சினை நன்கு துடைத்துச் சாக்குத் தூளைத் தூவிச் சிறிது நேரம் ஓட்டி, முதலில் நனையும் புள்ளியைக் கண்டறிய வேண்டும். இடப்பக்கச் சங்கிலிப் பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. அங்கிருந்து சொட்டுவதற்கு எஞ்சினைக் குறை கூறலாகாது. அப்பெட்டியின் மூடியை ஒரே நட்டு பிடித்திருக்கின்றது. கசிவை நிறுத்த அதனை மேன்மேலும் முறுக்கினால் மூடி வளைந்து கசிவு பெருகுமேயன்றிக் குறையாது. புதிய ரப்பர் வளையம் இடுவதே முறை.

வண்டியை மீண்டும் நிறுத்தி வைப்பதாயின், அதற்கு முன்பே எண்ணெயை மாற்றிவிடுக. வாரந்தோறும் இரண்டு நிமிடம் எஞ்சினை ஓட்டி அணைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. எஞ்சின் நன்கு சூடேறாத அவ்வோட்டத்தில் உள்ளே நீராவி குளிர்ந்து நீராகத் தங்குகின்றது. ஓட்டுவதாயின் சில கிலோமீட்டராவது சாலையில் ஓட்டவேண்டும். இன்றேல் தொடாமல் விடுதலே நலம்.