எரிமலைக்கு அடியில் எழும் முனகல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எரிமலை கிடையாது. ஆனால் ஊத்தங்கரை வட்டாரத்துச் சாமல்பட்டியில் கார்பனடைட் என்ற அரிய பாறை இருக்கிறது. ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த மாக்மா இறுகிப் பிறந்த பாறை அது. அங்கே எல்லாம் என்றைக்கோ அடங்கிவிட்டது.

இன்னும் அடங்காத இடம் அந்தமான் கடலில் இருக்கிறது. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவில் உள்ள பாரன் தீவுதான் இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலை. நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991இல் விழித்த அது, அதன்பின் பலமுறை பொங்கிவிட்டது. 2017 ஜனவரி 23 அன்று ‘சிந்து சங்கல்ப்’ ஆய்வுக் கப்பலில் சென்ற கோவா தேசியக் கடலியல் நிறுவன விஞ்ஞானிகள், அது சாம்பல் கக்குவதை நேரில் கண்டார்கள்.

இப்படிப்பட்ட மலைகளின் அடியில் மாக்மாவும் வாயுவும் நகரும்போது பாறை அதிர்கிறது. சாதாரண நிலநடுக்கம் நிலநடுக்கமானியில் ‘சுரீர்’ என்று தொடங்கும். இந்த அதிர்வோ வினாடிக்கு ஒன்று முதல் ஐந்து முறை மட்டும் ஆடி, மெதுவாக எழுந்து மெதுவாக ஓயும். எங்கே தொடங்கியது என்று குறிப்பதே கடினம். கடலலை, காற்று, வாகனப் போக்குவரத்து ஆகியவற்றின் இரைச்சலில் அது புதைந்துபோகும்.

ஓசூர் சிப்காட்டில் பழம் தின்று கொட்டை போட்ட ஃபிட்டர், எந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலும் தேய்ந்த பேரிங்கின் சத்தத்தைப் பிரித்துச் சொல்லிவிடுவார். அந்தச் சத்தம் அவர் காதுக்குப் பழகியது. இரைச்சலில் புதைந்த அதிர்வைத் தேடும் ‘அலைவடிவப் பொருத்தம்’ என்ற முறையும் இதே வழியில்தான் நடக்கிறது. தெளிவாகப் பதிவான ஒரு அதிர்வின் சில வினாடி அலையை ‘வார்ப்பு’ ஆக எடுத்துக்கொள்கிறார்கள். தொடர்ப் பதிவின் மேல் கணினி அதை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு பொருந்துகிறது என்று கணக்கிடுகிறது. அச்சாகப் பொருந்தினால் மதிப்பு 1. வினாடிக்கு 100 புள்ளிகள் பதியும் ஒரு கருவிக்கு ஒரு நாளில் மட்டும் 86,40,000 புள்ளிகள்! பல நிலையங்களில் ஒரே சமயத்தில் பொருத்தம் உயர்ந்தால், இரைச்சலுக்குள் ஒளிந்திருந்த அதிர்வு பிடிபடுகிறது.

தெற்குக் கலிபோர்னியாவின் பத்தாண்டுப் பதிவுகளை இப்படிச் சலித்தபோது 18 லட்சத்துக்கும் மேற்பட்ட நடுக்கங்கள் கிடைத்தன. முந்தைய பட்டியலைவிட இது பத்து மடங்கு. இந்த ஆய்வு 2019இல் வெளியானது.

பல பதிவுகளை ஒன்றாக்கி மெல்லிய குறியைப் பிடிக்கும் கலை நமக்கும் புதிதல்ல. ஓசூரிலிருந்து பெங்களூருவைத் தாண்டி வடக்கே போனால் கௌரிபிதனூர். தொலைதூரத்து நிலத்தடி அணு வெடிப்புகளைக் கண்டறிய, பிரிட்டனின் ஒத்துழைப்போடு 1965இல் அங்கே 20 நிலநடுக்கமானிகள் எல் வடிவில் நிறுவப்பட்டன. பாபா அணு ஆராய்ச்சி மையம் அதை நடத்துகிறது. அலை ஒவ்வொரு கருவியையும் வந்தடையும் கால வித்தியாசத்தைச் சரிசெய்து பதிவுகளைக் கூட்டினால், இரைச்சல் தேய்ந்து குறி ஓங்கும்.

சரி, எரிமலையின் அடியில் பிடிபட்ட அதிர்வு எதைச் சொல்கிறது? 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினட்டுபோ பெருவெடிப்புக்கு முந்தைய வாரங்களில், ஆழத்தில் இத்தகைய அதிர்வுகள் பதிவாயின. ஹவாயின் மௌனா கியா சுமார் 4,500 ஆண்டுகளாக வெடிக்கவில்லை. ஆனாலும் அதன் அடியில் 20 கி.மீ.க்கும் கீழே, 7 முதல் 12 நிமிடங்களுக்கு ஒருமுறை அதிர்வு எழுகிறது. 1999க்குப் பிறகு மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் என 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆறிவரும் மாக்மாவிலிருந்து பிரியும் வாயுதான் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஆகவே அதிர்வைக் கண்டதும் அபாயச் சங்கு ஊதிவிட முடியாது. அந்த மலைக்கு எது வழக்கம், எது மாறுதல் என்று முதலில் தெரிந்தாக வேண்டும். அதற்குப் பல ஆண்டுத் தொடர்ப் பதிவுகள் தேவை. ஆனால் வார்ப்பைப் போலில்லாத புது வகை அதிர்வை அலைவடிவப் பொருத்த முறை தவறவிடும். புது வார்ப்பு கிடைக்கும்போது பழைய பதிவுகளை மறுபடி சலிக்கலாம். அந்தமான் நிலநடுக்கமானி நிலையங்களின் தொடர்ப் பதிவுகளை ஒரு நாள்கூட விடாமல் சேமித்து, ஆய்வு மாணவர்களின் கைக்கு எட்டச் செய்தால், பாரன் தீவின் வழக்கம் என்ன என்ற தேடலை அவர்கள் இன்றே தொடங்கலாம்.