இனிப்புக்கு முன் சில சொற்கள்

பிரான்சு நாட்டிற்குச் செல்வோர் விமானச் சீட்டையும் விடுதியையும் முன்னரே உறுதிசெய்துவிடுகின்றனர். உணவகத்தில் அமர்ந்ததும்தான் தயக்கம் தொடங்குகிறது. அங்கே நமக்குப் பழகிய சொல்லும் வேறு பொருள் தரும். 'மெனு' என்று கேட்டால், குறித்த விலையில் இரண்டு மூன்று வகைகளுடன் அமைந்த முழுச் சாப்பாட்டையே குறிக்கும். பட்டியலைப் பெற 'கார்த்' என்று கேட்க வேண்டும். அதில் 'ஆந்த்ரே' என்பது தொடக்க உணவு. 'ப்ளா' என்பது முதன்மை உணவு. நிறைவாக வருவது 'தெஸேர்'. மேசையிலிருந்து பாத்திரங்களை அகற்றுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது.

இனிப்புகளின் பெயர்கள் கற்பனை நயம் மிக்கவை. 'மில்ஃபேய்' என்றால் ஆயிரம் இலைகள். 'எக்லேர்' என்றால் மின்னல். 'ஈல் ஃப்ளோத்தாந்த்' மிதக்கும் தீவு. வங்கி வாடிக்கையாளர்களைப் புன்னகைக்க வைக்கும் பெயர்களும் உண்டு. தங்கக் கட்டியின் வடிவில் வார்க்கப்படும் பாதாம் கேக்கின் பெயர் 'ஃபினான்சியே', அதாவது நிதியாளர். பருப்புகளும் உலர்பழங்களும் பதித்த சாக்லேட் வில்லையின் பெயர் 'மாந்தியான்', அதாவது இரவலர். இரந்துண்டு வாழ்ந்த நான்கு கிறித்தவத் துறவியர் சபைகளை நினைவூட்டும் பெயர் இது.

எனினும், அழகிய பெயர் உள்ளே இருப்பதைச் சொல்வதில்லை. மிதக்கும் தீவு என்பது நுரைக்க அடித்த முட்டை வெண்கருவே. 'மூஸ் ஓ ஷொகொலா' பெரும்பாலும் பச்சை முட்டை சேர்த்தே செய்யப்படுகிறது. 'பவருவா' இறுகி நிற்பது, விலங்குகளின் தோல், எலும்புகளிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டினால். 'பாபா ஓ ரோம்' ரம் கலந்த பாகில் ஊறியது. சைவ உணவினரும் மது தவிர்ப்போரும் 'இல்லாமல்' எனப் பொருள்படும் 'சான்' என்னும் சொல்லை மனத்தில் இருத்துவது நலம். 'சான் ழெலதீன்', 'சான்ஸ் அல்கோல்' என்று கேட்கலாம். முட்டைக்குரிய பிரெஞ்சுச் சொல் நம் நாவுக்கு எளிதில் வசப்படாது. அதை எழுதிக் காட்டுவதே பாதுகாப்பானது.

செலவிலும் சொற்கள் துணைநிற்கும். உணவுடன் 'கராஃப் தோ' என்று கேட்டால் குடுவை நிறையக் குழாய்நீர் கட்டணமின்றி வரும். 'லதிஸியோன், சில் வூ ப்ளே' என்றால் கணக்குச் சீட்டு வரும். பட்டியல் விலையிலேயே சேவைக் கட்டணம் அடங்கியிருப்பதால், அதற்கு மேல் தருவது உங்கள் விருப்பமே.

இவை அனைத்திற்கும் முன்னதாக, பணியாளரைக் கண்டதும் 'போன்ழூர்' என வணக்கம் கூறுங்கள். அதைச் சொல்லாமல் நேரே உணவைக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவாகக் கருதப்படும். உச்சரிப்பில் பிழை நேர்ந்தாலும், வணக்கத்துடன் தொடங்கியவரின் கேள்விக்குப் பொறுமையான விடை கிடைக்கும்.