செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கு உட்செவிச் சமநிலைப் பரிசோதனை

உட்செவியில் ஒலியை உணரும் உறுப்பும் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்புகளும் அருகருகே அமைந்துள்ளன. ஆகவே கடுமையான செவித்திறன் இழப்புள்ள குழந்தைகள் பலருக்குச் சமநிலை உணர்வும் குறைந்திருக்கலாம். பிறவியிலேயே இக்குறை உள்ள குழந்தைக்கு வேறு நிலை தெரியாது. அதனால் தலை சுற்றுகிறது என்று அது கூறுவதில்லை.

தாமதமே பெற்றோர் காணக்கூடிய அடையாளம். 4 மாதம் கடந்தும் கழுத்து நிற்காமை, 9 மாதம் கடந்தும் பிடிமானமின்றி உட்காராமை, 18 மாதம் கடந்தும் தனியே நடக்காமை ஆகியவற்றை மருத்துவரிடம் தெரிவியுங்கள். நடக்கும் குழந்தை இருட்டிலோ மணலிலோ அடிக்கடி விழுவதும் கவனிக்கத்தக்கது. "காது கேளாத பிள்ளை மெதுவாகத்தான் நடக்கும்" என்று பிறர் கூறும் ஆறுதலை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கைக்குழந்தைக்கு இப்பரிசோதனை இயலுமா என்ற ஐயம் இயல்பானது. ஏறத்தாழ 6 மாதம் முதலே செய்யக்கூடிய முறை ஒன்று உண்டு. கழுத்துத் தசையின் மீது சிறு மின்முனைகளை ஒட்டி, காதின் பின்புற எலும்பில் மெல்லிய அதிர்வைச் செலுத்துவர். உட்செவி இயங்கினால் தசை உடனே எதிர்வினை காட்டும். ஊசியோ மயக்க மருந்தோ தேவையில்லை. ஆயினும் அத்தசை இறுகியிருக்க வேண்டுமாதலால், தலையை ஒருபுறம் திருப்பி வைக்க ஒரு பொம்மையோ அசையும் படமோ உதவும். குழந்தை உறங்கிவிட்டால் முடிவு கிடைக்காது. எனவே பாலூட்டி, உறங்கி எழுந்த பிறகு அழைத்துச் செல்வது நலம். சற்று வளர்ந்த குழந்தையின் தலையை விரைவாகச் சிறிதளவு திருப்பி, கண்ணின் அசைவைக் கேமரா மூலம் அளக்கும் முறையும் உள்ளது. காதில் வெந்நீரும் குளிர்நீரும் செலுத்தும் பழைய முறையைச் சிறு குழந்தைகள் எளிதில் பொறுப்பதில்லை.

காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை சமநிலை உறுப்பைப் பாதிக்கக்கூடும். ஆதலால் அதற்கு முன்னும் பின்னும் இப்பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். ஒரு காதில் மட்டும் சமநிலை எஞ்சியிருப்பின், எக்காதில் பொருத்துவது என்ற முடிவுக்கும் அது துணைபுரியும். மூளைக்காய்ச்சலால் செவித்திறன் இழந்த குழந்தைக்குப் பரிசோதனையைத் தாமதிக்கலாகாது. பிறவிச் செவிடும் தாமதமான நடையும் சேர்ந்திருப்பின் கண் பரிசோதனையும் அவசியம். பிற்காலத்தில் பார்வையைக் குறைக்கும் அஷர் நோய்க்குறியின் ஒரு வகை இவ்வாறே தொடங்குகிறது.

குறை உறுதியானால் இயன்முறை சிகிச்சையாளர் கற்பிக்கும் பயிற்சிகளால் கண்ணும் கால்களும் அக்குறையைப் பெருமளவு ஈடுசெய்யக் கற்கும். நீரில் மட்டும் தனி எச்சரிக்கை தேவை: மூழ்கிய நிலையில் இக்குழந்தைக்கு மேல் எது, கீழ் எது என்பது புலப்படாமல் போகலாம். குளம், கிணறு, நீச்சல் குளம் எதிலும் கை எட்டும் தொலைவில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.