‘பாஸ் அவுட்’னா பட்டமா, மயக்கமா?

இன்னைக்கு நாம பார்க்கப்போறது ரெண்டே ரெண்டு வார்த்தை: பாஸ் அவுட்.

நம்ம ஊர்ல இதுக்கு அர்த்தம் கேட்டா, ‘படிச்சு முடிச்சு வெளியே வர்றது’ன்னு சட்டுனு சொல்லிடுவோம். வேலை விளம்பரத்துலகூட ‘2024 பாஸ் அவுட்ஸ் மட்டும்’னு போடுறாங்க. ஆனா ஒரு அமெரிக்கர்கிட்ட ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2022’னு சொன்னா, அவருக்கு முதல்ல தோணுறது, ‘2022-ல இவர் மயங்கி விழுந்தாரா?’ன்னுதான். வெயில்ல, பசியில, அளவு மீறிக் குடிச்சு நினைவு தப்பினா, அதுக்கு அங்கே பாஸ் அவுட்னு பேரு.

கூடவே ‘ஃப்ரம்’ சேர்ந்தா இன்னும் வேடிக்கை. ‘பாஸ்ட் அவுட் ஃப்ரம் த ஹீட்’னா வெயிலால மயங்கிட்டார். இங்கே ஃப்ரம் காரணத்தைச் சொல்லுது. அப்போ ‘பாஸ்ட் அவுட் ஃப்ரம் காலேஜ்’னா? காலேஜால மயங்கிட்டார்!

சரி, நாம பேசுறது தப்பா? தப்புன்னு சொல்ல மாட்டேன். பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல ராணுவப் பயிற்சியை முடிச்சு வெளியே வர்றதும் பாஸ் அவுட்தான். நம்ம பரங்கிமலை ராணுவ அகாடமியில பயிற்சி முடியும்போது நடக்கிற அணிவகுப்புக்குப் பேரே ‘பாஸிங் அவுட் பரேட்’. இந்தியாவுல அதே சொல் காலேஜுக்கும் புழங்குது. அதனால நமக்குள்ள பேசும்போது தாராளமா சொல்லலாம். வெளிநாட்டு இன்டர்வியூ, விசா, யுனிவர்சிட்டி விண்ணப்பம்னு வந்தா, ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2022’னு சொல்லிடுங்க. குழப்பமே வராது.

இன்னொரு அர்த்தமும் இருக்கு: எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்கிறது. ‘பாஸ் அவுட் த பேப்பர்ஸ்’னா பேப்பரைக் கொடுங்க. எதைக் கொடுக்கணும்கிறது கூடவே வர்றதால இதை ஈஸியா கண்டுபிடிச்சிடலாம்.

நாம பேசுறப்போ மட்டும் இல்ல, கேட்கிறப்பவும் கவனம் வேணும். வெளிநாட்டு டீம்ல ஒருத்தர், ‘மை டாட் பாஸ்ட் அவுட் திஸ் மார்னிங்’னு மெசேஜ் போட்டா, அவங்க அப்பா மயங்கி விழுந்திருக்கார். ‘பாஸ்ட் அவே’ன்னு போட்டா, இறந்துட்டார். ஒண்ணுக்கு, ‘இப்போ எப்படி இருக்கார்?’னு கேட்கணும். இன்னொண்ணுக்கு ஆறுதல் சொல்லணும். மாத்திச் சொல்லிடாதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!