கணிப்பொறி வரைபடங்களில் தாமதம்: காரணங்களும் பரிகாரங்களும்

கேரளத்தின் கிழக்கெல்லையில், வாளையாற்றிலிருந்து குமுளி வரையுள்ள நிலப்பரப்பில், நில அளவை என்றுமே எளிய பணியாக இருந்ததில்லை. பாலக்காட்டுக் கணவாயின் சமவெளியில் நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து கிடக்கின்றன. தெற்கே தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு தாலுகாக்களில் தேயிலையும் ஏலமும் செங்குத்தான சரிவுகளில் வளர்கின்றன. பழைய அளவை ஆவணங்களும் ஒரே வழியில் வந்தவை அல்ல. பாலக்காடு சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அண்டையிலுள்ள சித்தூர் கொச்சி சமஸ்தானத்திற்கும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூருக்கும் உரியவையாயிருந்தன. 1966 ஆம் ஆண்டில் கேரளத்தில் மறு அளவை தொடங்கிற்று. 2022 நவம்பரில் டிஜிட்டல் மறு அளவை ஆரம்பமாயிற்று. செயற்கைக்கோள் சைகைகளைப் பெறும் கருவிகள் நிலத்தின் மூலைகளை இப்பொழுது சில சென்டிமீட்டர் துல்லியத்தில் குறித்துத் தருகின்றன.

இவ்வாறு வயலில் பெற்ற துல்லியம் மேஜையில் இழக்கப்படுமாயின் அதனால் பயனில்லை. அளவைப் புள்ளிகளைக் கொண்டு மனைப்பிரிவுப் படமோ, சாலைப் படமோ, கால்வாய்ப் படமோ வரைவோர் கணிப்பொறி வரைவு முறையையே பெரிதும் கையாளுகின்றனர். ஆட்டோகேட் முதலிய அம்முறைகளில் பலரும் அனுபவிக்கும் தொல்லை ஒன்றுண்டு. மவுஸை நகர்த்தினால் கர்சர் சற்றுப் பிந்தி நகருகிறது. புள்ளியைத் தொட்டபின் திரை உறைந்து நிற்கிறது. பெரிதாக்கும் ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இது வெறும் பொறுமையைப் பற்றிய விஷயம் அன்று. கர்சர் பிந்தும்போது வரைவாளர் தாம் காணும் இடத்தைத் தொடுகிறார். கணிப்பொறியோ வேறொரு முனையைப் பற்றிக்கொள்கிறது. முப்பது மீட்டர் நீளமுள்ள ஒரு வரப்பின் ஒரு முனை அறுபது சென்டிமீட்டர் தவறி அமைந்தால், ஒன்பது சதுர மீட்டர் பரப்பு ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்கிற்குப் போய்விடும். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். ஆகவே போனது கால் சென்டிற்குச் சற்றுக் குறைவு. பத்து சென்ட் நிலத்திற்குப் பட்டா வேண்டி நிற்கும் குடும்பத்திற்கு இது சிறிய அளவன்று.

எத்துணை தாமதம் பொறுக்கத்தக்கது என்பதை 1968 ஆம் ஆண்டிலேயே ராபர்ட் மில்லர் என்ற அமெரிக்க அறிஞர் ஆராய்ந்தார். எழுத்து விசையை அழுத்துவது போன்ற செயல்களுக்கு விடை சுமார் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கிற்குள் தோன்ற வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1963 இல், ஐவன் சதர்லாந்து என்பவர் ஒளிப்பேனாவினால் கணிப்பொறித் திரையில் நேரடியாகக் கோடு வரையும் ‘ஸ்கெட்ச்பேட்’ முறையை மாசசூசெட்ஸில் உருவாக்கியிருந்தார். இன்றைய வரைவு முறைகள் யாவும் அதன் வழித்தோன்றல்களே. சாதாரணத் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. சாதாரண மவுஸ் விநாடிக்கு 125 முறை தன் இருப்பிடத்தை அறிவிக்கிறது. எனவே கருவிகளால் மட்டும் நேரும் தாமதம் சொற்பமே. கண்ணுக்குத் தெரியுமளவு தாமதம் இருப்பின், குற்றம் பெரும்பாலும் படத்திலோ அமைப்பிலோதான் இருக்கும்.

முதற்சோதனை

பரிகாரம் தேடுமுன் நோயின் இடத்தை அறிய வேண்டும். ஒன்றுமில்லாத புதிய படம் ஒன்றைத் திறந்து, அதில் நாலைந்து கோடுகள் வரைந்து பார்க்க. அங்கும் கர்சர் தயங்கினால் குறை யந்திரத்தினுடையது அல்லது அமைப்பினுடையது. அங்கே இலகுவாக ஓடினால் குறை படத்தினுடையது. பின்னர் படத்தின் அடுக்குகளில் பாதியை உறையச்செய்து பார்க்க. வேகம் திரும்பினால் குற்றவாளி அந்தப் பாதியில் இருக்கிறது. அப்பாதியை மீண்டும் பாதியாக்குக. அறுபது அடுக்குகள் இருந்தாலும் ஆறு முறைக்குள் பிழை பிடிபடும். தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு பயிற்சியாகவே நடத்தலாம்.

அடுக்கை ‘அணைப்பது’ வேறு, ‘உறையச்செய்வது’ வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அணைக்கப்பட்ட அடுக்கு கண்ணுக்கு மறைந்தாலும், படம் மீள உருவாக்கப்படும்போது அதுவும் கணக்கிடப்படுகிறது. உறைந்த அடுக்கு கணக்கிலேயே சேராது. வேகம் வேண்டுவோர் உறையச்செய்ய வேண்டும்.

படத்தின் பளு

மலைப்பகுதியில் பெரும் பளு சமஉயரக் கோடுகளால் நேர்வது. போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூர்ப் பக்கம் இறங்கும் சரிவில் வீழ்ச்சி சுமார் ஆயிரம் மீட்டர். ஒரு மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடு வரைந்தால் ஏறக்குறைய ஆயிரம் கோடுகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முனைகள். திரையின் குறுக்கே இருப்பவையோ 1,920 புள்ளிகள். முழுச் சரிவையும் ஒரே பார்வையில் காட்டினால் ஒரு கோட்டிற்கு இரண்டு புள்ளிகூட இல்லை. கண்ணுக்குத் தெரிவது கருமை மட்டுமே. அந்தக் கருமையை வரைவதற்குத்தான் கணிப்பொறி அத்தனை பாடுபடுகிறது. ஐந்து மீட்டர் இடைவெளியில் இருநூறு கோடுகள் போதும். ஒரு மீட்டர் கோடுகள் பாலமோ தடுப்புச்சுவரோ அமையும் சிறு பகுதிக்கு மட்டும் தேவைப்படும். அவற்றைத் தனிக் கோப்பாக வைத்து, வேண்டியபோது வெளியிணைப்பாகச் சேர்த்துக்கொள்வதே முறை.

சமவெளியில் நிலைமை வேறு. அங்கே பளுவைக் கூட்டுவது பரப்பை நிரப்பும் ‘ஹாட்ச்’ கோலம். அமெரிக்க வழக்கிலுள்ள ஒரு சாதாரணச் சாய்கோட்டுக் கோலத்தில் கோடுகளின் இடைவெளி 0.125 அலகு. படத்தின் அலகு மீட்டராக இருந்து, கோலத்தின் அளவை மாற்ற மறந்துவிட்டால், கோடுகள் 12.5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக விழும். ஒரு ஹெக்டேர் சதுர வயலுக்கு ஏறத்தாழ 1,130 கோடுகள் ஆகும். ஒரு கிராமம் முழுவதும் இவ்வாறு நிரப்பினால் கணக்கு லட்சங்களை எட்டும். அளவை நூறு மடங்காக்கினால் இடைவெளி 12.5 மீட்டராகி, அதே வயல் பதினொரு கோடுகளில் அடங்கிவிடும்.

மூன்றாவது பளு, வருடியில் எடுக்கப்பட்ட பழைய கிராமப் படங்கள். ஏ-0 அளவுத் தாள் ஒன்றை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் வருடினால் கிட்டத்தட்ட 14 கோடிப் புள்ளிகள் ஆகும். வண்ணத்தில் வைத்தால் நினைவகத்தில் அதற்கு 42 கோடி பைட் இடம் வேண்டும். கறுப்பு வெள்ளையாக மாற்றினால் 1.75 கோடி பைட் போதும். வட்டில் கோப்பு சுருக்கப்பட்டுச் சிறிதாகத் தோன்றுவதைக் கண்டு ஏமாறலாகாது. திறந்தவுடன் அது முழு அளவிற்கு விரிந்துவிடும். பழைய படத்தில் கோடுகளும் சர்வே எண்களும் மட்டுமே வேண்டுமாயின் வண்ணம் எதற்கு?

எல்லைப் பகுதிகளுக்கே உரிய சிறு பளு ஒன்றும் உண்டு. ஊர்ப்பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதும்போது எழுத்துகள் நிரப்பிய வடிவங்களாகத் திரையில் வரையப்படுகின்றன. ஆங்கிலத்திற்குள்ள ஒற்றைக் கோட்டு எழுத்துகளைவிட இவற்றிற்கு வேலை அதிகம். எழுத்துகளைத் தனி அடுக்கில் வைத்து, அச்சிடும் வரை உறையச்செய்துவிட்டால் தீர்ந்தது.

தொலைவிலுள்ள தொடக்கப் புள்ளி

வட்டமான வளைவுகள் உடைந்த கோடுகளாகத் தோன்றுவதும், பெரிதாக்கினால் உருவங்கள் நடுங்குவதும் பலருக்கு விளங்காத புதிராகவே உள்ளன. இதன் காரணம் சுவையானது. யு.டி.எம். முறையில் கேரளம் முழுவதும் 43 ஆம் மண்டலத்தில் அடங்கும். அம்முறையில் பாலக்காட்டு நகரின் கிழக்குத் தொலைவு சுமார் 6,80,000 மீட்டர். பூமத்திய ரேகையிலிருந்து வடக்குத் தொலைவு சுமார் 11,90,000 மீட்டர். மூணாறுக்கு இவை ஏறத்தாழ 7,25,000, 11,15,000 ஆகும். படக் கோப்பு எண்களைப் பதினைந்து இலக்கத் துல்லியத்தில் சேமிப்பதால் அங்கே குறையில்லை. ஆனால் திரையில் தீட்டும் வரைகலைச் சில்லு பெரும்பாலும் ஏழு இலக்கத் துல்லியத்திலேயே வேலை செய்கிறது. அக்கணக்கில் 10,48,576 க்கு மேற்பட்ட எண்களுக்கு அடுத்தடுத்த இரு மதிப்புகளின் இடைவெளி ஒரு மீட்டரில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சென்டிமீட்டர். பாலக்காடும் மூணாறும் இவ்வெல்லைக்கு அப்பால் உள்ளன. (மேலே ஹாட்ச் கோலத்தில் கண்ட 12.5 உடன் இது ஒத்திருப்பது தற்செயலே.) வரைவு முறைகள் இக்குறையைப் பலவாறு ஈடுசெய்கின்றன, எனினும் சில உருவங்களில், குறிப்பாக ஹாட்ச் கோலங்களில், அது வெளிப்பட்டுவிடுகிறது.

ஆயப்புள்ளியைப் பயனாளர் அமைப்பில் மாற்றுவதால் இது தீராது. உள்ளே சேமித்த எண்கள் மாறுவதில்லை. வீட்டுப் படம், பாலப் படம் போன்ற வடிவமைப்பு வேலைகளுக்குப் படத்தின் நகலில் 6,80,000, 11,90,000 என்பன போன்ற முழு எண்களைக் கழித்து நகர்த்தி வேலை செய்யலாம். கழித்த எண்களைப் படத்தின் தலைப்பிலேயே எழுதிவைக்க வேண்டும். அளவையின் மூலப் படத்தை மட்டும் ஒருபோதும் நகர்த்தலாகாது. நகர்த்தியதை மறந்து அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டால், தாமதத்தைவிடப் பெரிய கேடு விளையும். ஹாட்ச் கோலத்தின் தொடக்கப் புள்ளியை அந்த வயலின் ஒரு மூலைக்கு அருகில் அமைத்தாலே பாதிக் குறை நீங்கிவிடும்.

துப்புரவும் அதன் அபாயமும்

‘பர்ஜ்’ என்ற ஆணை பயன்படாத அடுக்குகளையும் பிளாக்குகளையும் நீக்குகிறது. ‘ஆடிட்’ பழுதுகளைத் திருத்துகிறது. இவ்விரண்டையும் அஞ்சாமல் உபயோகிக்கலாம். ‘ஓவர்கில்’ என்பது ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த கோடுகளைக் களைவது. மனைப்பிரிவுப் படங்களில் அண்டை நிலங்களின் பொதுவரப்பு இருமுறை வரையப்பட்டிருப்பது வழக்கமாதலால் இதன் பயன் பெரிது. ஆயினும் இதில் எச்சரிக்கை வேண்டும். நேர்க்கோட்டில் அமைந்த துண்டுகளை ஒன்றாக்கும் வசதியும், தொடர்கோட்டின் தேவையற்ற முனைகளை நீக்கும் வசதியும் இவ்வாணையில் உள்ளன. கணிதத்திற்குத் தேவையற்ற முனை நிலத்தில் ஓர் எல்லைக் கல்லாக இருக்கக்கூடும். நேரான வரப்பின் நடுவே நிற்கும் கல்லைக் கணிப்பொறி அறியாது. எனவே அளவைப் படங்களில் அவ்விரு வசதிகளையும் விலக்கி, பொறுதியளவைப் பூஜ்யமாக வைத்த பின்னரே ஓவர்கில்லை ஏவ வேண்டும்.

அமைப்பும் யந்திரமும்

புள்ளிகளைத் தானே பற்றும் ‘ஸ்நாப்’ வகைகள் அனைத்தையும் ஒருசேர இயக்கி வைப்பது சிலர் வழக்கம். கர்சர் நகரும்போதெல்லாம் கணிப்பொறி அவை ஒவ்வொன்றையும் தேட வேண்டியதாகிறது. முனை, வெட்டுப்புள்ளி, அளவைப் புள்ளி ஆகிய மூன்று போதும். ‘மிக அருகில்’ என்ற வகையை அவசியம் நிறுத்த வேண்டும். தவறான இடத்தைப் பற்றுவது பெரும்பாலும் அதுவே. கர்சர் மேலே செல்லும்போது உருவங்கள் ஒளிர்வதையும் விவரக்கட்டங்கள் தோன்றுவதையும் நிறுத்தினால் பெரிய படங்களில் நல்ல வேறுபாடு தெரியும்.

இணைப்பில் இல்லாத வலைப்பின்னல் அச்சுயந்திரம் இயல்பு அச்சுயந்திரமாகக் குறிக்கப்பட்டிருந்தால், படத்தைத் திறக்கும்போதும் அச்சமைப்பைத் தொடும்போதும் கணிப்பொறி அதைத் தேடி நிற்கும். மலைப்பகுதி அலுவலகங்களில் வலைத்தொடர்பு மெலிந்திருக்கும் நாட்களில், தொலைவிலுள்ள கோப்பை அங்கேயே திறந்து திருத்துவதும் இத்தகையதே. கோப்பைத் தம் வட்டிற்கு நகலெடுத்து, திருத்தி, மீண்டும் அனுப்புவது நன்று.

வரைவு முறையின் வேலையிற் பெரும்பகுதி செயலியின் ஒரே உட்கருவில் நடப்பதால், உட்கருக்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொன்றின் வேகமே முக்கியமானது. புதிய யந்திரம் வாங்கப் பரிந்துரை எழுதுவோர் இதனைக் கருத வேண்டும். பாலக்காட்டில் 2024 ஏப்ரலில் வெப்பநிலை 41 டிகிரி செல்சியஸைக் கடந்தது. அத்தகைய கோடையில் தூசியடைந்த மடிக்கணினி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் விரைவாகவும் பிற்பகலில் மெதுவாகவும் ஓடும் யந்திரத்தைக் கண்டால் முதலில் விசிறியைத் துடைக்க வேண்டும். மின்கலத்தில் ஓடும்போதும் வேகம் குறைவது இயல்பே. வரைகலை முடுக்கத்தை ஒருமுறை நிறுத்திப் பார்த்துத் தாமதம் மறைந்தால், அதன் இயக்கி மென்பொருளைப் புதுப்பித்தால் போதுமானது. யந்திரத்தை மாற்ற வேண்டியதில்லை.

லிப்ரேகேட் போன்ற கட்டணமில்லா முறைகளைக் கொண்டு பயிற்றும் ஆசிரியர்களுக்கும் மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை பொருந்தும். ஆணைகளின் பெயர்களும் வசதிகளும் மட்டுமே மாறும்.

எத்துப்புரவும் நகலில் செய்யப்பட வேண்டுவது. தொடங்குமுன் நிலத்துண்டுகளின் எண்ணிக்கை, அவற்றின் மொத்தப் பரப்பு, எல்லை முனைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு, முடிந்தபின் ஒப்பிட வேண்டும். மொத்தப் பரப்பு ஒத்து, முனைகள் மட்டும் குறைந்திருந்தால், நேரான வரப்பின் நடுவிலிருந்த கல் ஒன்று படத்திலிருந்து மறைந்திருக்கக் கூடும். வயற்புத்தகத்தைத் திறந்து அது எந்தச் சர்வே எண்ணைச் சேர்ந்தது என்று கண்ட பிறகே நகல் மூலத்தின் இடத்தில் வைக்கப்பட வேண்டும்.